படிச்சாச்சா? – அக்கா போட்ட அரியர்!

செமஸ்டர் முடிஞ்சு லீவுக்கு ஊருக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு. ஊர்னா மடத்துக்குளம். உடுமலைப்பேட்டைக்கும் பழனிக்கும் நடுவுல பஸ்ல தூங்கிட்டே போயிருந்தீங்கன்னா கவனிச்சிருக்க மாட்டீங்க. அமராவதி ஆத்துப் பாலத்துல ஜன்னல் வழியா ஜில்லுனு ஒரு காத்து அடிக்குமே, அதான் எங்க ஊரு!

போன தடவை இந்தப் பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். 'ரமணிசந்திரன் நாவல் படிக்க மூளை வேண்டாம், ஒரு கர்ச்சீப் இருந்தா போதும்'னு. எடிட்டர் அண்ணன் சிரிச்சார். ஹாஸ்டல்ல பசங்க விசில் அடிச்சாங்க. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தா அக்கா சிரிக்கலை.

அக்கா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில செக்கிங். காலையில ஆறே முக்காலுக்கு ரோட்டு மேல கம்பெனி வேன் வரும். ஒன்றரை ஷிப்ட் முடிச்சிட்டு ராத்திரி வீடு வர பத்து மணி தாண்டிடும். அந்த வேன்லதான் அவ படிப்பு. கூட வர்றவங்க எல்லாம் போன்ல ரீல்ஸ் தள்ளிக்கிட்டு இருக்க, இவ மட்டும் முனை மடங்கின ஒரு நாவலைப் பிரிச்சு வெச்சிருப்பா. போன வாரம் பக்கத்து சீட் பொண்ணு இந்தப் பத்திரிகையை எடுத்து, என் வரியைச் சத்தமா வாசிச்சு, "அக்கோவ், உங்க தம்பி நம்மளைத்தான் சொல்றாரு"ன்னுருக்கு. வேனே சிரிச்சிருக்கு.

அக்கா சோறு போட்டுக்கிட்டே கேட்டா: "ஏன்டா தம்பி, மூளையில்லாதவ சம்பளத்துலதான் உன்ற செமஸ்டர் பீஸ் போகுது, தெரியுமில்ல?"

கையில இருந்த சோறு கையிலயே நின்னுடுச்சு.

நான் ஏதோ சமாளிச்சேன். "அக்கா, அது புக்கைப் பத்தி..." அவ விடலை. "நீ அதுல எத்தனை படிச்சிருக்கறே?"

உண்மையைச் சொல்லணும்ல? ஒண்ணு. அதுவும் பாதி.

அங்கதான் டீல் போட்டா. "நான் படிக்கறதை நீ முழுசாப் படி. நீ பீத்திக்கற புக்கையெல்லாம் எனக்குக் குடு, நான் படிக்கறேன். அப்பறம் ரெண்டு பேரும் மார்க் போடலாம். அதை அப்புடியே எழுதோணும். வெட்டக் கூடாது."

இதோ, வெட்டாம எழுதியாச்சு. இந்த வாரம் மார்க் ஷீட்ல ரெண்டு எக்ஸாமினர்!

ராஜேஷ்குமார்: ஒரு வேன் பயணத்துக்கு ஒரு கொலை

முதல்ல அக்கா கொடுத்த கட்டு. ராஜேஷ்குமாரோட பாக்கெட் சைஸ் நாவல்கள் மட்டும் ஏழு. மனுஷன் நம்ம பக்கத்து கோயமுத்தூர்க்காரர். இதுவரைக்கும் 1,500 நாவலுக்கு மேல எழுதிட்டார். நமக்கு ஒரு லேப் ரெக்கார்டு எழுதவே கை வலிக்குது பாஸ்!

ஏழும் நாலு நாள்ல முடிஞ்சது. அதுலயே அவரோட பலம் தெரியுது. ரெண்டு கதையை ரெண்டு தண்டவாளம் மாதிரி தனித்தனியா ஓட்டுவார். இங்க ஒரு கல்யாண வீடு, அங்க ஒரு பிணம். ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு மண்டையைப் பிய்ச்சுக்குறப்போ கடைசியில டக்குனு ஒரே ஸ்டேஷன்ல கொண்டாந்து நிறுத்துவார். ஒவ்வொரு அத்தியாயமும் கதவு தட்டுற சத்தத்துலயோ போன் மணியிலயோ முடியும். அடுத்த பக்கம் திருப்பாம இருக்க முடியாது.

என் கம்ப்ளைன்ட்? கடைசி நாலு பக்கம். அதுவரைக்கும் நிதானமாப் போன வண்டி, அங்க மட்டும் பிரேக் பிடிக்காம ஓடுது. குத்தவாளி வரிசையா ஒப்புவிக்கிறான், விவேக் தலையாட்டுறார், சுபம். அப்புறம் ரூபலா. ஒரு துப்பறியும் நிபுணரோட மனைவி இத்தனை வருஷமா கேஸைப் பக்கத்துல இருந்து பார்க்குறாங்க. இன்னும் கேள்வி கேட்குற வேலைதானா? ஒரு கேஸை அவங்ககிட்டயே முழுசாக் கொடுத்துப் பார்க்கலாமே?

அக்கா சொன்னது வேற. "நான் ஏறி உட்கார்ந்து பிரிச்சேன்னா, கம்பெனி கேட்டுக்குள்ள வேன் நுழையறப்ப கொலைகாரன் சிக்கியிருப்பான். கணக்கா இருக்கும். ஒரு நாள் ரோட்டுல டிராபிக் இல்லை, வேன் சீக்கிரம் போயிருச்சு. பாக்கி இருபது பக்கம். அன்னிக்குப் பூரா டேபிள்ல பீஸைப் பார்க்கறேன், கண்ணுல பீஸே தெரியலை. கொலை பண்ணுனது டாக்டரா டிரைவரான்னே ஓடுது. ஓட்டை விழுந்த பீஸ் ரெண்டு, பார்க்காம பாஸ் பண்ணிட்டேன். சூப்பர்வைசர்கிட்ட திட்டு."

ஒரு எழுத்தாளருக்கு இதைவிடப் பெரிய விமர்சனம் என்ன இருக்கு, சொல்லுங்க!

என் மார்க்: 70. அக்கா மார்க்: 85. (15 மார்க் குறைச்சது அந்தச் சூப்பர்வைசர் திட்டுக்காம்!)

கொலையுதிர் காலம்: லேசர் பேய்

இப்ப என் பக்கம் இருந்து போன புத்தகம். சுஜாதா. சொல்லணுமா? குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில எலெக்ட்ரானிக்ஸ் படிச்சு, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ்ல வேலை பார்த்து, ஓட்டு மெஷின் செஞ்ச குழுவுலயும் இருந்துட்டு, நடுவுல கணேஷ் – வசந்த்தையும் பெத்தெடுத்தவர். 2008-ல் அவர் மறைஞ்சப்போ நம்மள்ல பாதிப்பேருக்கு எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாது. ஆனாலும் இன்னிக்கும் ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல ஆரம்பிச்சா இந்த நாவல் எட்டு ரூம் சுத்தாம திரும்பி வராது.

கதை 1980-களோட தொடக்கத்துல குமுதத்துல தொடரா வந்தது. ஒரு பெரிய பண்ணை வீடு, சொத்துக்கு வாரிசா லீனானு ஒரு பொண்ணு, ராத்திரியில நடமாடுற ஒரு உருவம். அது ஆவியா, யாரோ செய்யுற டெக்னிக்கல் வேலையா? கணேஷ் விஞ்ஞானம்ங்கிறார், வசந்த்துக்குச் சந்தேகம். ராத்திரி ஒரு மணிக்குப் படிச்சுட்டு பாத்ரூம் போகப் பயந்தவங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன். வெக்கமில்லாம ஒத்துக்குறேன்.

ஆனா ரெண்டாம் தடவை படிக்கும்போது உள்ள இருக்கிற இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட் முழிச்சுக்கிட்டான். கணேஷ் ஹோலோகிராம், லேசர்னு ஒரு விளக்கம் தர்றார் இல்லையா? ஹோலோகிராம் பிம்பம் தெரியணும்னா அதைப் பதிவு பண்ணின தகடோ ஃபிலிமோ வேணும். அந்தத் தகட்டுப் பக்கமா நாம பார்த்துக்கிட்டு இருக்கணும். வெட்டவெளியில சும்மா காத்துல ஒரு ஆளை நடக்க விடுறது ரொம்பக் கஷ்டம். ஏன்னா ஒளியை நம்ம கண்ணுக்குத் திருப்பி அனுப்ப அங்க ஏதாவது ஒண்ணு இருக்கணும். சரி, ஹோலோகிராம்ங்கிற வார்த்தையே பலருக்குத் தெரியாத காலத்துல அதைக் கதைக்குள்ள கொண்டுவந்த தில்லுக்கு ஃபுல் மார்க். லாஜிக்குக்கு மட்டும் பாதி.

அக்கா ரெண்டே வேன் பயணத்துல முடிச்சிட்டா. "நல்லாருக்குதுடா. ஆனா பேயை விட அந்தப் புள்ளையைச் சுத்தி இருக்கற மனுசங்களைப் பார்த்தாத்தான் பயமா இருக்குது. சொத்து ஒரு பொம்பளைப் புள்ளை பேருக்கு வருதுன்னா எத்தனை பேருக்கு வயிறு எரியுது பாரு. அதுக்கு லேசர் எல்லாம் வேண்டாம். நம்ம ஊர்ல ரெண்டு ஏக்கர் போதும்."

நான் மூணு தடவை படிச்சும் யோசிக்காத விஷயம். ஹி... ஹி...

என் மார்க்: 88. அக்கா மார்க்: 80.

பிரிவோம் சந்திப்போம்: தோத்தாலும் அமெரிக்கா!

இதுவும் சுஜாதா. ஆனந்த விகடன்ல தொடரா வந்தது. 2009-ல் 'ஆனந்த தாண்டவம்'னு படமாகவும் வந்துச்சு. இன்ஜினீயரிங் முடிச்சுட்டு வேலைக்குக் காத்திருக்குற ரகு, பாபநாசம், அணைக்கட்டு, மதுமிதா. முதல் பாகத்தோட சாரல் சட்டையில ஒட்டிக்கும். அப்புறம் அமெரிக்க மாப்பிள்ளை வர்றார். ரகு உடைஞ்சு போறான். இதைப் படிச்சுட்டு ஃபர்ஸ்ட் இயர்ல நான் மூணு நாள் தாடி வளர்க்க முயற்சி பண்ணினேன். வளரலை. அது வேற கதை.

சும்மா சொல்லக்கூடாது, ஒருத்தனோட காதல் தோல்வியை இவ்வளவு அழுகை இல்லாம, கிண்டல் கலந்து எழுத அவரால மட்டும்தான் முடியும். ரெண்டாம் பாகத்துல அமெரிக்காவுல இருக்கிற நம்ம ஆளுங்க வாழ்க்கையை எழுதின விதமும் கூர்மை.

ஆனா இந்தத் தடவை ஒரு உறுத்தல். மதுமிதாவை ஒரு குழந்தை மாதிரியே எழுதியிருக்கார். எது சொன்னாலும் சிரிப்பா, எதையும் யோசிக்க மாட்டா. முன்னாடி அது எனக்கு 'க்யூட்'. இப்போ என்னமோ மாதிரி இருக்கு.

அக்கா அதை நேராவே போட்டு உடைச்சா. "அந்தப் புள்ளையை ஒருத்தராச்சும் உட்கார வெச்சு, உனக்கு என்ன கண்ணு வேணும்னு கேட்டாங்களா? அவங்கம்மா கேக்கலை. அந்த ரகு கூடக் கேக்கலை. அவ வெளையாட்டுப் புள்ளைன்னு எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிப்போட்டாங்க. அப்பறம் அவ முடிவெடுக்கலைன்னு அவ மேலயே குத்தம். உன்ற ரகுவுக்கு என்ன கொறைச்சல்? வேலையில்லாம சுத்துனான், லவ் பண்ணுனான், தோத்தான், அப்பறம் அவனும் அமெரிக்கா போயிட்டான். தோத்தாலும் அமெரிக்கா! எங்க வேன்ல லவ்ல தோத்த புள்ளைங்க மறுநாள் காலையில ஆறே முக்காலுக்கு அதே வேன்லதான் ஏறும்."

என் மார்க்: 90-ல் இருந்து இறங்கி 78. அக்கா மார்க்: 72. ஆனா ரெண்டாம் பாகத்தை முடிக்கிறதுக்காக ஒரு ராத்திரி தூங்கவே இல்லை, அதையும் எழுதச் சொன்னா.

ரமணிசந்திரன்: வெள்ளைக் கொடி... பாதி!

சரி, பஞ்சாயத்துக்கு வருவோம். இந்த ரெண்டு வாரத்துல ரமணிசந்திரன் நாவல் நாலு முழுசாப் படிச்சேன். எங்க ஊர் லைப்ரரியில அவங்க புத்தகத்தைத் தேட வேண்டியதே இல்லை. எது அட்டை கிழிஞ்சு, பைண்டிங் பண்ணி, அதுவும் விட்டுப்போய் நூல் தொங்குதோ, அதை எடுங்க. பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் பக்கத்து ரேக்ல கலையாத கிராப்போட பளபளன்னு நிக்கிறாங்க.

2008-ல் சென்னையில இருக்கிற பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் பாக்கெட் நாவல் கதைகளை இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து ஒரு தொகுப்பு போட்டுச்சு. மொழிபெயர்ப்பு ப்ரீதம் கே. சக்ரவர்த்தி. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜனோட ரமணிசந்திரனும் அதுல உண்டு. அது வந்ததும் இங்கிலீஷ் பேசுறவங்க எல்லாம் 'வாவ், பல்ப்!'னு கையில வெச்சுக்கிட்டாங்க. அதே கதை அக்கா கையில தமிழ்ல இருந்தா மட்டும் நக்கலா? அந்த நக்கலைத்தான் நானும் பண்ணியிருக்கேன். அதுக்கு சாரி. அந்த வரியை வாபஸ் வாங்குறேன்.

ஆனா புத்தகத்தைப் பத்தின என் கருத்தை முழுசா வாபஸ் வாங்க மாட்டேன். நாலு நாவல்லயும் கதை ஒரே வாய்க்கால்லதான் ஓடுது. அழகான, ரோஷமான, வசதி குறைஞ்ச பொண்ணு. பணக்கார, கோபக்கார ஆம்பளை. நடுவுல ஒரு தப்பான புரிதல். 'அன்னிக்கு நடந்தது இதுதான்'னு ரெண்டு பேர்ல ஒருத்தர் ரெண்டு நிமிஷம் வாயைத் திறந்தா நாவல் முப்பதாவது பக்கத்துல முடிஞ்சிடும். திறக்க மாட்டாங்க. அவன் சந்தேகப்படுவான், குத்திக் குத்திப் பேசுவான். கடைசியில 'எல்லாம் உன் மேல வெச்ச அன்பாலதான்'ம்பான். அவளும் மன்னிச்சுடுவா. எனக்குப் பிரச்னை அங்கதான். சுடுசொல்லை அன்புனு எழுதிட்டா, நாளைக்கு நிஜத்துல ஒருத்தன் அப்படிப் பேசும்போது அதுவும் அன்புனு தோணிடாதா?

இதை அக்காகிட்ட நேராவே கேட்டேன். கோபப்படுவான்னு பார்த்தேன். படலை.

"அந்தப் பக்கம் வந்தா நான் தாண்டிப் போயிருவேன்டா"ன்னா. "எல்லாத்தையும் நம்பிப் படிக்கறோம்னு நெனச்சியா? டேபிள்ல ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் பார்க்கறேன்! எது டேமேஜ்னு கண்ணுக்குத் தெரியாதா? டேமேஜைத் தள்ளிட்டு நல்ல பீஸை எடுத்துக்கறேன்."

"அப்போ நல்ல பீஸ் எது?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னா. "அந்தக் கதையில வர்றவளை ஒருத்தன் கவனிக்கறான்டா. அவ சாப்புட்டாளா, மொகம் வாடியிருக்கா, என்ன கலர் சேலைன்னு பார்க்கறான். எங்களை நாள் பூரா பார்க்கறது யாரு? சூப்பர்வைசரு. அவரு பார்க்கறது எங்க மொகத்தையா? எத்தனை பீஸ் ஆச்சுங்கறதைத்தான். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு அது வேண்டியிருக்குது. அவ்வளவுதான்."

அவகூட வேலை பார்க்குற ஒரு பொண்ணு அதுக்கு முன்னாடி ஒரு நூல் மில்லுல இருந்தது. இந்த பெல்ட்டுல 'சுமங்கலித் திட்டம்'னு ஒண்ணு இருந்ததைக் கேள்விப்பட்டிருப்பீங்க. மூணு வருஷம் மில் ஹாஸ்டல்லயே தங்கி வேலை செய்யணும். முடிச்சா கல்யாணச் செலவுக்குன்னு மொத்தமா ஒரு தொகை. நடுவுல வெளியே வந்தா அந்தத் தொகை கைக்கு வர்றதே சந்தேகம். 2011-ல் வெளிநாட்டு அமைப்புகள் அறிக்கை போட்டு, உலகம் பூரா பேச்சாச்சு. அந்தப் பொண்ணு சொன்னதா அக்கா சொன்னா: ஹாஸ்டல்ல ஒரே ஒரு ரமணிசந்திரன் இருந்துச்சாம். முப்பது பேரும் மாத்தி மாத்திப் படிச்சு, கடைசிப் பக்கம் எப்பவோ கிழிஞ்சு போச்சாம். புதுசா வர்றவங்களுக்கு முடிவை மத்தவங்க வாயாலயே சொல்லுவாங்களாம். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி!

நாம கேம்பஸ்ல 'எஸ்கேப்பிஸம்'னு ஒரே வார்த்தையில தாண்டிப் போறோம். கேட்டு பூட்டியிருக்கிற இடத்துல எஸ்கேப்புங்கிறது கெட்ட வார்த்தையா என்ன?

என் மார்க்: எழுத்துக்கு 50. ஆனா அட்டெண்டன்ஸ் 100. அக்கா மார்க்: 75. "அந்தக் கோவக்காரப் பயலுகளைக் கொஞ்சம் திருத்தியிருந்தா 90 போட்டிருப்பேன்."

மணல் கடிகை: நம்ம ஊரு எங்கப்பா?

இது பாக்கெட் நாவல் இல்லை. ஆனா ஒரு காரணத்துக்காகக் கொடுத்தேன். இத்தனை கிரைம், இத்தனை காதல் படிச்சோமே, இதுல எங்கயாவது ஓவர்லாக் மெஷின் சத்தம் கேட்டுச்சா? ஹீரோ தொழிலதிபர்னா அவர் பெரிய கம்பெனி எம்.டி. அந்தக் கம்பெனியில என்ன செய்யுறாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாது. ஃபைல்ல கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

எம். கோபாலகிருஷ்ணனோட 'மணல் கடிகை' 2004-ல் வந்தது. திருப்பூர்தான் களம். பள்ளிக்கூடம் முடிச்சுட்டு வர்ற நண்பர்கள், பனியன் கம்பெனி, மேலே ஏறுறது, சரியுறது. இதே மாதிரி சுப்ரபாரதிமணியனோட 'சாயத்திரை' சாயக் கழிவையும் நொய்யலையும் பத்தினது. இது ரெண்டும் வேகமா ஓடாது. உங்களை உட்கார வெச்சுப் பேசும். எனக்கு 'மணல் கடிகை' படிச்சப்புறம்தான், ஆயுத பூஜை அன்னிக்கு அப்பாகூடப் போய்ப் பொரி வாங்கின அந்தக் கம்பெனிக்குள்ள எத்தனை கதை இருந்திருக்கும்னே தோணுச்சு.

அக்கா ஐம்பது பக்கத்துல மூடி வெச்சுட்டா. "நல்லாத்தான் எழுதியிருக்காரு. எல்லாம் நெசம். ஆனா பகல் பூரா அங்கதான் இருக்கறேன், வேன்லயும் அங்கயே இருக்கோணுமா? ஞாயித்துக்கெழமை படிக்கறேன், வை."

நியாயம்தானே! நம்மளைப் போய் லீவுல யாராவது சர்க்யூட் தியரி நாவல் படிக்கச் சொன்னா?

என் மார்க்: 85. அக்கா: ரிசல்ட் நிறுத்திவைப்பு.

ஃபைவ் பாயிண்ட் சம்ஒன்: கடைசி பேப்பர்

இதைக் கொடுக்க முதல்ல யோசிச்சேன். இங்கிலீஷ் புக். அக்கா தமிழ் மீடியம். "குடு, பார்க்கலாம்"னு வாங்கிட்டா. போன்ல டிக்ஷனரி வெச்சுக்கிட்டு பன்னெண்டு நாள். ஓரத்துல பென்சில்ல தமிழ் அர்த்தம் எழுதி எழுதி, என் புக்கே இப்போ கோனார் நோட்ஸ் மாதிரி இருக்கு!

சேத்தன் பகத், 2004. ஐ.ஐ.டி. டெல்லி. ஹரி, ரையான், அலோக். மார்க் பத்துக்கு அஞ்சு சொச்சம். இதை ஒட்டித்தான் 2009-ல் '3 இடியட்ஸ்', 2012-ல் நம்ம 'நண்பன்'. இன்ஜினீயரிங் ஹாஸ்டல்ல இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் இது தன் கதைனு தோணும். எனக்கும் தோணுச்சு. மொழி சாதாரணம்தான், ஜோக் பாதி பழசு, காதல் டிராக் சினிமா. ஆனா கிரேடுங்கிறது மனுஷனை எப்படி அளவெடுக்குதுனு சொன்ன இடம் குத்தும். கொஸ்டின் பேப்பர் திருடப் போற அத்தியாயத்துல எனக்கு உள்ளங்கை வேர்த்துச்சு. நான் இதுக்கு 82 போட்டு வெச்சிருந்தேன்.

அக்கா புக்கைத் திருப்பித் தந்தப்போ ராத்திரி பத்தரை இருக்கும். சாப்பிட்டுக்கூட முடிக்கலை.

"நல்லாருக்குதுடா. பசங்க பாவம். ஒரே ஒரு சந்தேகம்."

"என்னக்கா?"

"அந்த அலோக் பையன் வீட்டுல கஷ்டம். அப்பா படுத்த படுக்கை. அம்மா வாத்தியார் வேலை. எல்லாரும் அவன் ஒருத்தனை நம்பி இருக்கறாங்க. சரி. அவனுக்கு ஒரு அக்கா இருக்கறாளே..."

"ஆமா, கல்யாணத்துக்கு வரதட்சணை..."

"அதான் கேக்கறேன். அவளுக்கு என்ன படிக்கோணும்னு ஆசை இருந்துச்சு? மார்க் எவ்வளவு? ஒரு பக்கம்கூட இல்லையே. புக்கு பூரா அவ செலவாத்தானே வர்றா?"

நான் இந்த நாவலை மூணு தடவை படிச்சிருக்கேன். படத்தை எத்தனை தடவைனு கணக்கே இல்லை. அந்த வீட்டு சீன் வந்தா தியேட்டர்ல எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சிருக்கேன். ஒரு தடவைகூட அந்த மூலையில இருந்த அக்காவை நான் பார்த்ததில்லை.

ப்ளஸ் டூவுல என்னைவிட எங்க அக்காவுக்கு மார்க் ஜாஸ்தி. அது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசுறதில்லை. அவ மார்க் ஷீட் பீரோவுல என் ஸ்கூல் சர்டிபிகேட் கவருக்கு அடியில இருக்கு. அன்னிக்கு ராத்திரி எடுத்துப் பார்த்தேன். அவ என்ன படிக்க ஆசைப்பட்டான்னு இருபது வயசு வரைக்கும் நானும் கேட்டதில்லை. மதுமிதாகிட்ட ரகு கேட்கலைனு கருத்து சொல்ல மட்டும் வந்துட்டேன்.

மறுநாள் காலையில அவளோட ரோடு வரைக்கும் நடந்தேன். கேட்டேன். வேன் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்துடுச்சு. ஏறுறப்போ திரும்பிப் பார்த்து, "கணக்கு"ன்னா. "கணக்கு டீச்சர் ஆகோணும்னு இருந்துச்சு. போடா, நேரமாச்சு."

அவ்வளவுதான். தொலைதூரக் கல்வியில பி.எஸ்ஸி. கணக்கு சேர்றதுக்கு என்ன வேணும்னு விசாரிச்சு, விண்ணப்பத்தை வாங்கி வெச்சிருக்கேன். ஒன்றரை ஷிப்டுக்கு நடுவுல எப்படிப் படிக்கிறதுனு அவ கேட்குறா. என்கிட்ட இன்னும் பதில் இல்லை. அந்த விண்ணப்பத்தை மடிச்சு, இப்ப படிக்கிற ராஜேஷ்குமார்ல பக்க அடையாளமா வெச்சிருக்கா. கிழிச்சுப் போடலை. அதுவரைக்கும் சந்தோஷம்.

என் மார்க்: 82, இப்போ 65. அக்கா மார்க்: 70. "கஷ்டப்பட்டு இங்கிலீஷ்ல படிச்சதுக்கு எனக்கு எவ்வளவு போடுவே?"ன்னு கேட்டா. நூத்துக்கு நூறு!

ஆக, இந்த வாரம் மொத்தத்துல பெயிலானது புத்தகம் எதுவும் இல்லை மக்களே. போன தடவை ஒரு வரி எழுதினவன்தான். அரியரை இந்தப் பக்கத்துலயே எழுதிட்டேன். பாஸ் போடுறதும் போடாததும் அந்த ஆறே முக்கால் வேன் கையில இருக்கு.

அடுத்த வாரத்துக்கு அக்கா கொடுத்திருக்கிற லிஸ்ட்ல பட்டுக்கோட்டை பிரபாகரோட பரத் – சுசீலா மூணு, சுபாவோட நரேன் – வைஜயந்தி ரெண்டு. என் லிஸ்ட்ல இருந்து அவளுக்கு 'என் இனிய இயந்திரா'. ஜீனோவை அவளுக்குக் கண்டிப்பா பிடிக்கும். எதையும் படிச்சுப் படிச்சே புத்திசாலி ஆன நாய்க்குட்டியாச்சே!

உங்க வீட்லயும் பஸ்லயோ வேன்லயோ, அடுப்படியிலயோ ஒருத்தர் முனை மடங்கின ஒரு நாவலை வெச்சுக்கிட்டு இருப்பாங்க. வாங்கிப் படிச்சுப் பாருங்க. அவங்க என்ன மார்க் போடுறாங்கன்னும் கேளுங்க. கேட்டுட்டு எழுதுங்க.

திட்டணும்னா தாராளமா திட்டுங்க. எங்க அக்காவை விடவா திட்டிடப் போறீங்க?

அடுத்த வாரம் படிக்கலாம்!